சர்ஜரி பிஜிகளுக்கு நேரலை இணைய வகுப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் பொது அறுவை சிகிச்சைத் துறையில் சொல்லிக்கொடுக்கிறேன். 2020-ல் வேறு வழியில்லாமல் ஆரம்பித்த வியாழக்கிழமை மாலை வகுப்பு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது வேறு சில கல்லூரிகளின் எம்.எஸ். மாணவர்களும் வருகிறார்கள். தங்கள் துறையிலும் இப்படி ஒன்று தொடங்க நினைக்கும் ஆசிரியர்கள், "இதெல்லாம் தேவையா சார்?" என்று அலுத்துக்கொள்ளும் பிஜிகள் (முதுநிலை மாணவர்கள்) என இரு தரப்பும் கேட்கும் கேள்விகள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. வாட்ஸ்அப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் தட்டி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

நேரலை வகுப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்? யூடியூப் வீடியோ, வெபினார் எல்லாம் இதில் சேராதா?

சேராது. யூடியூப் வீடியோ புத்தகம் மாதிரி, வேண்டும்போது எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். வெபினார் மாநாட்டு மேடை மாதிரி: ஐந்நூறு பேர் உள்ளே இருப்பார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் "எக்ஸலண்ட் டாக் சார்" என்று நாலு பேர் எழுதுவார்கள், கலைந்துவிடுவார்கள். நான் சொல்வது பதினைந்திலிருந்து முப்பது பேர் வரை இருக்கும் வகுப்பு. ஒவ்வொருவரின் பெயரும் ஆசிரியருக்குத் தெரியும். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

மாணவர் வாயே திறக்காமல் முடிந்துவிடும் வகுப்பை நேரலையில் நடத்துவதில் ஒரு லாபமும் இல்லை. அதைப் பதிவு செய்து அனுப்பிவிட்டால் ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டியாவது பார்த்துவிடுவார்.

கொரோனா முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு?

2020 மார்ச்சில் உலகம் முழுக்க அவசரமில்லாத அறுவை சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். ஆபரேஷன் தியேட்டர் காலி, செமினார் ஹாலுக்குப் பூட்டு, பிஜிகள் எல்லாம் கோவிட் வார்டில். அந்த நேரத்தில்தான் இந்த வகுப்புகள் பல நாடுகளில் ஒரே சமயத்தில் முளைத்தன. அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சிறுநீரகவியல் துறை, பல பல்கலைக்கழக ஆசிரியர்களைச் சேர்த்துக்கொண்டு நாடெங்கும் உள்ள ரெசிடென்ட்களுக்கு, அதாவது அந்த ஊர் பிஜிகளுக்கு, பொதுவான இணைய வகுப்பைத் தொடங்கியது. அந்தத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரைச் சுருக்கினால் 'கோவிட்' என்றே வரும். காது மூக்கு தொண்டைத் துறையினர் தொடங்கியதன் சுருக்கம் 'கொரோனா'. டாக்டர்களின் நகைச்சுவை எல்லா நாட்டிலும் ஒரே தரம்தான்.

தொழில்நுட்பம் அதற்கு முன்பே நம்மிடம் இருந்தது. சென்னை அப்போலோவிலிருந்து ஆந்திராவின் அரகொண்டா கிராமத்துக்குத் தொலைமருத்துவ இணைப்பு வந்தது 2000-ல். கல்விக்கென்றே இஸ்ரோ எடுசாட் செயற்கைக்கோளை அனுப்பியது 2004-ல். இல்லாமல் இருந்தவை இரண்டு: மலிவான டேட்டா, கட்டாயம். முதலாவதைத் தொலைபேசி நிறுவனங்கள் கொடுத்தன, இரண்டாவதை வைரஸ் கொடுத்தது.

சரி, இன்னும் எதற்கு? ஒரு பிஜி மூன்று வருடம் ஒரே கல்லூரியில், பெரும்பாலும் ஓரிரண்டு யூனிட்டுகளில் வேலை செய்கிறார். அந்த யூனிட் சீஃபின் பழக்கம் அவருக்கு வேதமாகிவிடும். குடலிறக்கத்துக்கு மெஷ் தைக்கும் விதம், வடிகுழாய் வைப்பதா வேண்டாமா, எத்தனையாவது நாள் சாப்பாடு கொடுப்பது என்று எல்லாமே 'எங்கள் யூனிட்டில் இப்படித்தான்'. வேறு கல்லூரி பிஜி ஒருவர் திரையில் வந்து "நாங்க ட்ரெயினே வைக்க மாட்டோம் சார்" என்று சொல்லும்போது இவர் முகம் மாறும் பாருங்கள், அதற்காகத்தான் இந்த வகுப்பை நிறுத்தாமல் வைத்திருக்கிறேன். அப்புறம்தான் ஆதாரம் என்ன, பழக்கம் என்ன என்று தேட ஆரம்பிக்கிறார்கள்.

கையால் செய்யும் தொழிலைக் கேமராவில் சொல்லித்தர முடியுமா?

கையைச் சொல்லித்தர முடியாது. அதைத் தியேட்டரில்தான் கற்க வேண்டும். 1889-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹால்ஸ்டெட் என்ற சர்ஜன், மருத்துவமனையிலேயே வேலை செய்துகொண்டு கற்கும் ரெசிடென்சி முறையைத் தொடங்கிய நாளிலிருந்து இந்த விஷயத்தில் பெரிய மாற்றமில்லை. பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும், பெரியவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும், திட்டு வாங்க வேண்டும்.

ஆனால் சர்ஜரியில் தவறுகள் எங்கே நடக்கின்றன என்று பாருங்கள். லேப்ராஸ்கோபியில் (சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) பித்தப்பையை எடுக்கும்போது, அதன் சின்னக் குழாய்க்குப் பதிலாகக் கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பெரிய குழாயான பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது நாங்கள் எல்லோரும் பயப்படும் விபத்து. லாரன்ஸ் வே என்ற அமெரிக்க சர்ஜனும் அவர் குழுவினரும் இப்படிப்பட்ட 252 காயங்களை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். 97 சதவீதத்தில் மூல காரணம் கண் ஏமாந்ததுதான். கைத்திறன் குறைவு என்று சொல்லக்கூடியவை 3 சதவீதம். பித்தப்பையைப் பிடித்து இழுக்கும் திசை சரியில்லையென்றால் பொதுப் பித்தநாளமும் பித்தப்பைக் குழாயும் ஒரே கோட்டில் வந்து நிற்கும். சர்ஜன் பெரியதைச் சின்னது என்று நம்பிவிடுவார். நம்பிய பிறகு அவர் கை மிக நேர்த்தியாக, மிகத் திறமையாக, தவறான குழாயை வெட்டும்.

எனவே பழக்க வேண்டியது கண்ணை. லேப்ராஸ்கோபியில் சர்ஜனே திரையைப் பார்த்துத்தான் வேலை செய்கிறார், ஆகவே இதைப் பழக்கத் திரை ஏற்ற இடம்தான். குழாயில் கிளிப் (குழாயை அடைக்கும் கவ்வி) வைத்து வெட்டுவதற்கு முன் பார்க்க வேண்டிய மூன்று நிபந்தனைகளை 1995-ல் ஸ்ட்ராஸ்பெர்க் என்ற சர்ஜன் வகுத்தார். பித்தப்பைக் கழுத்துக்கும் கல்லீரலுக்கும் நடுவிலுள்ள முக்கோணத்தில் கொழுப்பும் நாரும் சுத்தமாக நீங்கியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றிலொரு பகுதி கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் போவது இரண்டே இரண்டு அமைப்புகளாக இருக்க வேண்டும். இதைப் படித்த எந்த பிஜியும் தூக்கத்தில் எழுப்பினாலும் ஒப்பிப்பார். ஆனால் எட்டு படங்களை வரிசையாகப் போட்டு "இதில் கிளிப் வைக்கலாமா, கூடாதா?" என்று பத்து வினாடி கொடுத்தால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பாதிப் பேர் கிளிப் வைத்துவிடுவார்கள், மீதிப் பேர் அலறுவார்கள். அந்தச் சண்டையில்தான் பாடமே இருக்கிறது. தியேட்டரில் இந்தச் சண்டையைப் போட முடியாது, நோயாளி மேசையில் படுத்திருக்கிறார்.

ஒரு மணி நேரம் எப்படிப் போகும்?

முதல் ஐந்து நிமிடம் போன வாரத்துக் கேள்வி ஒன்று. தாமதமாக நுழைபவர்களுக்கு அது தவறிப்போகும், பரவாயில்லை.

பிறகு ஒரு கேஸ். பேச்சு கிடையாது, நேரே கேஸ். உதாரணமாக: 52 வயது விவசாயி, பத்து வருடமாகச் சர்க்கரை. காலில் முள் குத்தி ஐந்து நாள். கால் முழங்கால் வரை வீங்கியிருக்கிறது, தோலில் கருநீலக் கொப்புளம், அழுத்தினால் நறநறவென்கிறது. ரத்த அழுத்தம் 90/60. இரவு பதினோரு மணி. அடுத்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வீர்கள்? எம்ஆர்ஐ எடுப்பதா? ஆன்டிபயாடிக் கொடுத்துக் காலை ரவுண்ட்ஸ் வரை பார்ப்பதா? பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதா? தியேட்டருக்குக் கொண்டுபோவதா?

எல்லோரும் திரையில் வாக்களித்த பிறகுதான் முடிவைக் காட்டுவேன். முதல் முறை இதைப் போட்டபோது ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். எம்ஆர்ஐ என்று சொன்ன மாணவரைக் கூப்பிட்டு, "சரி, அனுப்பிட்ட. ஸ்கேன் ரூம் எந்த பிளாக்? யார் கூடப் போறது? ரிப்போர்ட் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டேன். அவரே எண்ணிப் பார்த்து, "விடிஞ்சிரும் சார்" என்றார். அழுகிப் பரவும் தசைத் தொற்றுக்கு ஸ்கேனுக்காகக் காத்திருக்கக் கூடாது, திரவமும் ஆன்டிபயாடிக்கும் ஓடும்போதே தியேட்டருக்குப் போக வேண்டும் என்பதை நான் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு இருபது, அதிகம் போனால் இருபத்தைந்து நிமிடம் நான் பேசுவேன். ஸ்லைடு பதினைந்துக்கு மேல் இருந்தால் எனக்கே சந்தேகம் வந்துவிடும். இடையில் இரண்டு இடத்திலாவது நிறுத்திக் கேள்வி. பேச்சுக்குப் பிறகு அதே கேஸ், ஒரு விவரம் மட்டும் மாற்றி: இவருக்குச் சிறுநீரகமும் கெட்டிருக்கிறது, அல்லது, கையெழுத்துப் போட மகன் ஊரில் இல்லை. கடைசிப் பத்து நிமிடம் அவர்கள் வார்டில் இப்போது வைத்திருக்கும் நோயாளிகளைப் பற்றி. பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடம் அரை மணி நேரமாகிவிடும்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்டால் அவமானமாக இருக்காதா?

இருக்கும், கேட்கிற விதத்தைப் பொறுத்து. நம் மருத்துவக் கல்லூரிகளில் ரவுண்ட்ஸில் கேள்வி கேட்பது என்றால் பாதி நேரம் அது தண்டனை. அந்தப் பழக்கத்தைத் திரைக்கும் கொண்டுவந்தால் எல்லோரும் "நெட் ப்ராப்ளம் சார்" ஆகிவிடுவார்கள். பிஜி அகராதியில் அதற்கு 'பதில் தெரியவில்லை' என்று பொருள்.

நான் மூன்று வழக்கங்கள் வைத்திருக்கிறேன். முதலில் பெயர் தெரியாத வாக்கெடுப்பு, பிறகுதான் பெயர். வாக்கெடுப்பில் தன்னைப் போலவே தவறியவர்கள் பத்துப் பேர் இருப்பது தெரிந்துவிட்டால் வாய் திறக்கத் துணிச்சல் வரும். இரண்டாவது, முதலாம் ஆண்டிலிருந்து மேலே போக வேண்டும். மூன்றாம் ஆண்டு மாணவரை முதலில் கேட்டுவிட்டால் அவர் சொன்னதை மறுக்க ஜூனியருக்கு வாய் வராது. அன்று ராத்திரி அதே சீனியரோடுதான் கேஷுவாலிட்டியில் நிற்க வேண்டும். மூன்றாவது, "தெரியாது சார்" என்பது முழுமையான பதில். அதைச் சொன்னவரிடம் "எதைத் தெரிந்துகொண்டால் முடிவெடுப்பாய்?" என்று மட்டும் கேட்பேன்.

பேராசிரியர்கள் வகுப்பில் உட்கார்ந்தால் மாணவர்கள் ஊமையாகிவிடுகிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பெரியவர் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார், நல்ல மனுஷர். அவரிடமே ஒரு நாள் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே "மறந்துபோச்சுப்பா" என்றார். அந்த வருடம் முழுவதும் அதற்கு இணையான பாடம் எதையும் நான் நடத்தவில்லை.

கேமராவைக் கட்டாயமாக்க வேண்டுமா?

வேண்டாம். ஹாஸ்டல் அறையில் துணி காயப்போட்டிருக்கும், மூன்று பேர் இருப்பார்கள், ஒருத்தர் இரவு டூட்டி முடித்துத் தூங்கிக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் வர வேண்டும், அவ்வளவுதான்.

எந்த நேரம் வைப்பது? டூட்டியில் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி இதுதான். மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டு இதில் கோட்டைவிட்டால் வகுப்பு செத்துவிடும்.

அமெரிக்காவில் 2003 முதல் ரெசிடென்ட்களின் வேலை நேரம் நான்கு வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி. அங்கே வகுப்பு நேரத்தை ஒதுக்கிவைத்துப் பாதுகாப்பது துறையின் பொறுப்பு. நம் நாட்டிலும் 1992-ல் வந்த ரெசிடென்சி உத்தரவு தொடர் பணி சாதாரணமாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. 2023-ல் வந்த முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைகள் நியாயமான வேலை நேரம், ஓய்வு என்று பேசுகின்றன. அட்மிஷன் நாளில் (யூனிட் புது நோயாளிகளைச் சேர்க்கும் நாள்) முதலாம் ஆண்டு பிஜியிடம் இந்த வரிகளைப் படித்துக் காட்டிப் பாருங்கள்.

ஆரம்பத்தில் இரவு ஒன்பது மணிக்கு வைத்தோம், 'எல்லோருக்கும் வசதி' என்று. அதாவது ஆசிரியர்களுக்கு வசதி. மாணவர்கள் காலை ஆறு மணியிலிருந்து டிரெஸ்ஸிங், ஓபி, தியேட்டர் என்று நின்றுவிட்டு வந்து உட்காருவார்கள். ஒருநாள் ஒரு மாணவியின் பக்கத்திலிருந்து சீரான குறட்டைச் சத்தம். மியூட் பண்ண மறந்திருந்தார். சிரித்தோம். அப்புறம் யோசித்துப் பார்த்ததில் எனக்கு வெட்கமாகிவிட்டது. தூங்க வேண்டிய நேரத்தில் அல்லவா வகுப்பு வைத்திருக்கிறோம்.

இப்போது மாலை நான்கரை மணி. வேலை நேரத்துக்குள். இதற்கு யூனிட் சீஃப்களிடம் போய் நின்று, அந்த ஒரு மணி நேரம் வார்டு அழைப்புகளை உதவிப் பேராசிரியர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பேச வேண்டியிருந்தது. ஒரு கல்லூரியில் ஒத்துக்கொண்டார்கள். இன்னொன்றில் "நாங்கல்லாம் இப்படியா படிச்சோம்?" என்றார்கள். அந்தக் கல்லூரி மாணவர்கள் இன்றும் ஒரு காதில் இயர்போன், மறுகாதில் ஸ்டெதஸ்கோப் என்றுதான் வருகிறார்கள். அட்மிஷன் நாள் யூனிட்டுக்கு அன்று முழு விலக்கு. கேஷுவாலிட்டியில் நிற்பவர் வகுப்பையும் கேட்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நோயாளிக்கும் நல்லதல்ல.

இணையம், கருவி, செலவு?

போன் போதும். ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் வெட்டிவிடும், அதனால் துறைக்கு ஒரு கட்டணக் கணக்கு வாங்கிவிடுங்கள். கல்லூரிக்கு வேறு நிறுவனக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதுவே போதும். பணம் செலவழிப்பதாக இருந்தால் மைக்குக்குச் செலவழியுங்கள், கேமராவுக்கு வேண்டாம். படம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் விட்டுவிட்டு வந்தால் பத்து நிமிடத்தில் மனம் போய்விடும்.

அறுவை சிகிச்சை வீடியோவைத் திரைப் பகிர்வில் ஓட்டினால் ஹாஸ்டல் வைஃபையில் அது படக்கதை மாதிரி தாவித் தாவி வரும். இரண்டு நிமிடத் துண்டாக வெட்டி முதல் நாளே அனுப்பிவிடுங்கள். வகுப்பில் "1:10-ல் நிறுத்துங்கள்" என்று சொல்லி, எல்லோரும் தத்தம் போனில் பார்க்கட்டும். பழங்கால உத்தி போலத் தெரியும், ஆனால் வேலை செய்கிறது.

நோயாளியின் படங்களைக் காட்டலாமா?

ஒப்புதல் வாங்கி, அடையாளம் நீக்கிக் காட்டலாம். அடையாளம் என்றதும் எல்லோரும் முகத்தை மறைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். சிடி ஸ்கேன் மூலையில் பெயர், வயது, ஐபி எண் சின்ன எழுத்தில் இருக்கும். பச்சை குத்தியிருப்பார்கள், அதில் யாரோ ஒருவரின் பெயர் முழுசாக இருக்கும். லேப்ராஸ்கோபி வீடியோ என்றால் கேமராவை உள்ளே விடுவதற்கு முன்பும் வெளியே எடுத்த பின்பும் உள்ள காட்சிகளை வெட்டுங்கள். ஒலியை முழுக்க நீக்குங்கள், ஏனென்றால் தியேட்டரில் யாராவது நோயாளியின் பெயரையும் ஊரையும் சொல்லியிருப்பார்கள். சீஃப் திட்டியதும் அதில் பதிவாகியிருக்கும், அதுவும் வெளியே போக வேண்டாம்.

சிகிச்சைக்கு வாங்கும் ஒப்புதல் கையெழுத்து இதற்குச் செல்லாது. கற்பிக்கப் பயன்படுத்துவதற்கு என்று தனியாக, தமிழில், புரியும்படி எழுதி வாங்க வேண்டும். மறுத்தாலும் சிகிச்சையில் ஒரு மாற்றமும் இருக்காது என்ற வரி அதில் இருக்க வேண்டும். இலவச மருத்துவமனைக்கு வருபவர் டாக்டர் கேட்டால் மறுக்க மாட்டார், அதனால்தான் அந்த வரி இங்கே இன்னும் முக்கியம்.

அறுவை சிகிச்சையையே நேரலையில் காட்டினால் என்ன?

அது வேறு சமாசாரம், நான் செய்வதில்லை. பார்வையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே ஆபரேஷன் செய்யும் சர்ஜனின் கவனம் யாரிடம் இருக்கும்? இந்தியாவில் இப்படிப்பட்ட ஒளிபரப்புகளை எதிர்த்து 2023-ல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்கே வந்தது. வெட்டித் தொகுத்த வீடியோவில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிறுத்திக் கேள்வி கேட்கலாம். நேரலை ஆபரேஷனில் ரத்தம் வரும்போது நிறுத்த முடியாது. கற்பவருக்கும் தொகுத்த வீடியோதான் நல்லது.

வகுப்பைப் பதிவு செய்து வைக்கலாமா?

டூட்டியில் இருந்தவர்களுக்காகப் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்ற எண்ணம் வந்ததுமே வருகை விழுந்துவிட்டது. அப்புறம் யாரும் பார்க்கவும் இல்லை. இன்னொரு விளைவை நான் எதிர்பார்க்கவில்லை: சிவப்புப் புள்ளி எரியும்போது தங்கள் தவறுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. "போன வாரம் நான் ஒரு அப்பெண்டிக்ஸைத் தவறவிட்டேன்" என்ற வாக்கியம் பதிவு ஓடாத அறையில்தான் வரும்.

இப்போது நான் பேசும் இருபது நிமிடத்தை மட்டும் பதிவு செய்கிறேன். விவாதம் தொடங்கியதும் பதிவு நிறுத்தப்பட்டது என்று சொல்லி நிறுத்திவிடுவேன்.

ஆங்கிலத்திலா, தமிழிலா?

அரசுக் கல்லூரிகளில் முதுநிலை இடங்களில் பாதி அகில இந்திய ஒதுக்கீட்டில் போகிறது. என் வகுப்பில் கேரளம், ராஜஸ்தான், பீகார் மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே பாடம் ஆங்கிலத்தில்தான். ஆனால் மாதத்தில் ஒரு வகுப்பின் கடைசிப் பகுதியை நோயாளியிடம் பேசுவதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். ஒரு மாணவர் நோயாளியாக நடிப்பார், இன்னொருவர் தமிழில் வலியைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

வட இந்திய மாணவர்களுக்கு மட்டும் இது பயன்படும் என்று நினைத்தேன். தமிழ் மாணவர்களே திணறினார்கள். 'பெயின் எப்படி இருக்கு?' என்பதைத் தாண்டிச் சொல் வரவில்லை. குத்துதா, இழுக்குதா, முறுக்குதா, எரியுதா, கடுக்குதா, விட்டுவிட்டு வருதா என்று கேட்டால் பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடும். முறுக்கிப் பிடித்து விடும் வலி குடல் அடைப்பைக் காட்டும், 'நெஞ்சாங்குழியில எரியுது' வேறு பக்கம் கொண்டுபோகும். ராஜஸ்தான் மாணவர் ஒருவர் இந்தச் சொற்களை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டு, இப்போது எங்கள் பிஜிகளைவிட நன்றாக விசாரிக்கிறார். 'கடுப்பு' என்ற சொல்லுக்குக் கோபம் என்றும் பொருள் உண்டு என்பதை மட்டும் ஒரு பாட்டியிடம் மாட்டிக்கொண்ட பிறகுதான் கற்றுக்கொண்டார்.

எந்தப் பாடம் இதில் ஒத்துவராது?

தொட்டுப் பார்க்க வேண்டிய எதுவும். தைராய்டு கட்டியின் கடினம், குடலிறக்கத்தில் இருமும்போது விரலில் படும் உந்துதல், இறுகிய வயிறு எல்லாம் நோயாளியின் படுக்கையருகில்தான் கிடைக்கும். தேர்வில் லாங் கேஸ், ஷார்ட் கேஸில் கோட்டைவிடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். இணைய வகுப்பு அவர்களைக் காப்பாற்றாது.

முடிச்சுப் போடுவது ஒத்துவராது என்று நினைத்திருந்தேன், ஓரளவு ஒத்துவருகிறது. போனைப் புத்தக அடுக்கின் மேல் வைத்துக் கையைக் காட்டச் சொல்ல வேண்டும். நாற்காலிக் காலும் ஷூ லேஸும் போதும். அட்டைப் பெட்டிக்குள் போன் கேமராவை வைத்து லேப்ராஸ்கோபி பயிற்சிப் பெட்டி செய்துகொண்ட மாணவர்களும் உண்டு. அமெரிக்காவில் பொது சர்ஜரி சான்றிதழுக்குக் கட்டாயமான அடிப்படை லேப்ராஸ்கோபித் தேர்வில் ஐந்து பயிற்சிகள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது, சின்ன வளையங்களை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி முளைகளில் மாட்டுவது. அதை ஹாஸ்டலில் சட்டைப் பொத்தான்களை வைத்துப் பழகலாம்.

வெளி நிபுணர்களை அழைப்பது கஷ்டமா?

கஷ்டமே இல்லை. 'பேரியாட்ரிக் சர்ஜரி (உடல் பருமனுக்கான அறுவை சிகிச்சை) பற்றிப் பேச முடியுமா?' என்று கேட்டால் நாள் தள்ளிப்போகும். 'ஸ்லீவ் (இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன்) செய்த மூன்றாம் நாள் இதயத் துடிப்பு 120, என்ன செய்வீர்கள்? முப்பது நிமிடம் மட்டும்' என்று கேட்டால் உடனே ஒத்துக்கொள்வார்கள். பிரிட்டனில் இருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர் ஆர்வமாக வருகிறார்கள். அவர்களுக்காக வைக்கும் வகுப்பு இரவு ஏழரைக்கு. லண்டனில் அப்போது குளிர்காலத்தில் பிற்பகல் இரண்டு, கோடையில் மூன்று.

ஒரு எச்சரிக்கை. நம் மாவட்ட மருத்துவமனையில் இரவில் என்ன இருக்கும், என்ன இருக்காது என்பதை முன்கூட்டியே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'இந்த இடத்தில் ரேடியாலஜிஸ்டைக் கூப்பிட்டு எம்போலைசேஷன் (ரத்தக் குழாயை உள்ளிருந்தே அடைப்பது) செய்வோம்' என்று முடித்துவிடுவார். மாணவர்கள் தலையாட்டுவார்கள். இரவு இரண்டு மணிக்கு அந்த வாக்கியத்தால் யாருக்கும் உபயோகமில்லை. 'அது இல்லையென்றால்?' என்று கேட்பதுதான் வகுப்பை நடத்துபவரின் வேலை.

உண்மையில் கற்றார்களா என்று எப்படித் தெரியும்?

வருகைப் பதிவு எதையும் சொல்லாது. வகுப்பு முடிந்ததும் வைக்கும் தேர்வும் பெரிதாகச் சொல்லாது, கேட்டது சூடாக இருக்கும். 2006-ல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, இடையில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்துப் பழகியவர்கள்தான் முந்தினார்கள். ஹார்வர்டில் பிரைஸ் கெர்ஃபுட் இதே போக்கில், சிறுநீரகவியல் ரெசிடென்ட்களுக்கு இடைவெளி விட்டு மின்னஞ்சலில் கேள்விகள் அனுப்பிப் பார்த்தார். அங்கும் பாடம் நினைவில் நின்றது.

எங்கள் வழி எளிது. வகுப்பு முடிந்த ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு கேள்வி, இரண்டு வாரம் கழித்து அதே விஷயத்தில் வேறு கேஸாக இன்னொன்று. தனிச் செய்தியாகப் பதில் அனுப்ப வேண்டும், குழுவில் போடக் கூடாது. போட்டால் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் கட்டைவிரல் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

மற்றபடி, தியேட்டரில் தெரிந்துவிடும். பித்தப்பையில் கிளிப் வைக்கும் முன் ஒரு இரண்டாம் ஆண்டு பிஜி "ஒரு நிமிஷம் சார், பின்பக்கம் திருப்பிக் காட்டறீங்களா?" என்று கேட்டார். நான்தான் ஆபரேட் செய்துகொண்டிருந்தேன். திருப்பிக் காட்டினேன்.

சான்றிதழ் கொடுப்பீர்களா?

இல்லை.

இரண்டே பேர் வந்தால் வகுப்பு நடக்குமா?

நடக்கும், நடந்திருக்கிறது. ஒரு தீபாவளி வாரத்தில் மூன்றாம் ஆண்டு மாணவி ஒருவரும் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவரும் மட்டும் வந்தார்கள். தயாரித்ததை மூடிவைத்துவிட்டு, அந்த மாணவி அன்று சேர்த்திருந்த வெடிக் காயத்தைப் பற்றிப் பேசினோம். பாதியில் அவருக்கு அழைப்பு வந்தது, போய்விட்டார். திரையில் நானும் அந்தப் பையனும்தான். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. பிறகு அவன், "சார், ஒண்ணு கேக்கலாமா? தையல் போடும்போது எனக்குக் கை நடுங்குது. எல்லாரும் பாக்கறாங்க" என்றான்.

இத்தனை வாரம் முப்பது பேருக்கு நடுவில் அவன் இதைக் கேட்டிருக்க முடியாது. எனக்கும் நடுங்கியது என்றேன். கேமராவைக் கீழே சாய்த்து மேசையில் கையை வைத்துக் காட்டினேன்: முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொள், சுண்டுவிரல் பக்கத்தை எதன் மீதாவது ஊன்று, நீடில் ஹோல்டரை இறுக்கிப் பிடிக்காதே, பிடி இறுக இறுக நடுக்கம் கூடும், மூச்சை அடக்காதே. அவனும் தன் போனைச் சாய்த்துவைத்துவிட்டு ஒரு பேனாவை எடுத்துப் பிடித்துக் காட்டினான். பெருவிரல் வெளுக்கும் அளவுக்கு இறுக்கியிருந்தான். கொஞ்சம் தளர்த்தச் சொன்னேன்.